இது சத்தியவேணிதானா?

பூட்டை உடைத்துக்கொண்டு வருபவன்தான் திருடன் என்று உலகம் நெடுங்காலமாக நம்பிவருகிறது. இது பிழை. இக்காலத் திருடன் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். கொடுத்தவர் நன்றியும் சொல்கிறார்.

ஆத்ரேயபுரத்து சத்தியவேணி அப்படித்தான் கொடுத்தாள். அவள் பூதரேகுலு இனிப்பு விற்கும் இணையப் பக்கத்துக்கு நீல டிக் வந்திருக்கிறது, போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள் என்று ஒருவன் கேட்டான். சொன்னாள். இரண்டு நிமிடத்தில் பக்கம் கைமாறியது. இனிப்புப் படம் இருந்த இடத்தில், 'பத்தாயிரம் போட்டால் ஒரு லட்சம்' என்று விளம்பரம்.

சங்கராந்திக்கு ஐந்தே நாள்.

"விடு, புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுக்கலாம்" என்றார் கணவர் சூரிபாபு.

"பதினெட்டாயிரம் பேரை ஒவ்வொருத்தரா சேர்த்திருக்கேன். உங்க மீசையை எடுத்துட்டு முதல்லேருந்து வளர்த்துக் காட்டுங்க, பார்ப்போம்!"

சூரிபாபு மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மீட்க வழி இருந்தது. 'இது சத்தியவேணிதான்' என்று ஒரு நாளைக்குள் இருவர் சாட்சி சொல்ல வேண்டும். அவள் யார் பக்கத்தை அதிகம் பார்க்கிறாளோ, அவர்களில் இருவரைச் செயலியே தேர்ந்தெடுத்தது.

ஒருத்தி, ஹைதராபாத் தங்கை. உடனே 'ஆம்' அழுத்திவிட்டாள்.

இன்னொருத்தி, மங்கதாயாரு. மூன்று வீடு தள்ளி அதே பூதரேகுலு செய்து விற்பவள். இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது.

"அவ பக்கத்தையா நீ அவ்வளவு பார்க்கறே?" என்றார் சூரிபாபு.

சத்தியவேணி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மங்கதாயாரு கொல்லையில், கவிழ்த்த சூட்டுப் பானைமேல் அரிசி மாவைத் தடவி, பூதரேகுலு சுற்றும் மெல்லிய தாள் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரு?"

"தெரியாத மாதிரி கேக்காதே. நான்தான்."

"நீதானான்னு என் போனும் கேக்குது."

"ஆமான்னு சொல்லு."

"சொல்லலைன்னா?"

"நாளைக் காலை ஏழு மணி வரைக்கும் கெடு. அதுவரை இங்கேயே உக்காந்திருப்பேன்."

"உக்காரு. தாளை மிதிக்காம உக்காரு."

இன்னும் இரண்டு தாள் எடுத்தாள். கையைத் துடைத்தாள். போனை எடுத்து ஒரு அழுத்து.

"ஆச்சு. காலைலயே அழுத்தியிருப்பேன். ஆளைப் பார்க்காம அழுத்தி, உன்னை மாதிரி நானும் ஏமாறணுமா?"

பதிலடி கொடுக்க வாயைத் திறந்த சத்தியவேணி, அந்தப் போனைப் பார்த்து நிறுத்தினாள். மங்கதாயாருவின் பக்கம் திறந்திருந்தது. பெரிய எழுத்தில்:

'சத்தியவேணி அக்காவின் பக்கம் திருடு போய்விட்டது. யாரும் பணம் அனுப்பாதீர்கள். அவருடைய பூதரேகுலு வேண்டுவோர் இந்த எண்ணில் கூப்பிடவும்.'

கீழே சத்தியவேணியின் எண்.

"இதை எதுக்குப் போட்டே?" குரல் இறங்கியிருந்தது.

"நமக்குள்ள இருக்கறது நேருக்கு நேர் சண்டை, அது வேற. வேற பேருல ஒளிஞ்சுக்கிட்டு அடுத்தவங்க பிழைப்பைக் கெடுக்குது பாரு, அந்த ஜென்மத்தை மட்டும் என்னால பொறுக்க முடியாதுக்கா."

சத்தியவேணி எழுந்து வந்துவிட்டாள்.

சாயங்காலம் பக்கம் திரும்பக் கிடைத்தது. கடவுச்சொல்லை மாற்றினாள். இரட்டைப் பூட்டுப் போட்டாள். போனுக்கு வரும் எண்ணைக் கட்டிய புருஷனுக்கும் சொல்வதில்லை என்று, புருஷனை எதிரே நிறுத்தியே சத்தியம் செய்தாள். பிறகு தன்னுடைய இன்னொரு கணக்கைத் திறந்து, அதை அடியோடு அழித்தாள்.

இரண்டு வருஷமாக மங்கதாயாருவின் ஒவ்வொரு படத்தின் கீழும் 'நெய் வாசனையே இல்லை' என்று தவறாமல் எழுதிவந்த விஜயவாடா ராகவராவ், அன்றோடு எழுதுவதை நிறுத்திக்கொண்டார்.