மருமகன் ரத்தம்

“அவன் ரத்தம் எனக்கு ஆகாது!”

முப்பிடாதியம்மாள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிலருகே நின்ற மருமகன் சேசுராஜின் முகம் சுருங்கிப்போயிற்று.

மகள் சொர்ணத்துக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தாராவிக் குழாயடியில் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டை நொறுக்கிக்கொண்ட அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவனே அவன்தான். வேதக்காரன், கிறிஸ்தவன் என்று கல்யாணத்துக்குக்கூட வராத மகராசி, இன்னுமா அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள்?

டாக்டர் மாதுங்காக்காரர், தமிழர். பொறுமையாகச் சொன்னார்.

“அம்மா, உடைஞ்ச மூட்டை எடுத்துட்டு எஃகு மூட்டு வைக்கணும். ரத்தம் நிறையப் போகும். ரெண்டு பாட்டில் வேணும். உங்க மக ஒண்ணு குடுத்தாச்சு. மருமகன் ரத்தமும் உங்களுக்குச் சேருது.”

“வேற வழியே இல்லையா?”

“ரத்தப்போக்கைக் குறைக்க ஒரு மருந்து இப்பத்தான் சீமையிலேருந்து வந்திருக்கு. அதைப் போட்டா ஒரு பாட்டிலோட சமாளிக்கலாம். சமாளிக்க முடியலேன்னா உயிருக்கே ஆபத்து.”

“அந்த மருந்தையே போடுங்க.”

“அத்தை, நான் இருக்கும்போது எதுக்கு…” என்றான் சேசுராஜ்.

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மருந்துச் சீட்டு வாங்க அவன் டாக்டர் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

சொர்ணம் வெடித்தாள். “சாகக் கெடக்கும்போதும் சாதியும் வேதமுமாம்மா? நீயெல்லாம் மனுஷிதானா?”

முப்பிடாதியம்மாள் வாசலைப் பார்த்தாள். அவன் போய்விட்டது தெரிந்ததும் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“மெதுவாப் பேசுட்டி. என்னத் தூக்கிட்டு வரும்போது அவன் கையைப் பாத்தேன். முழங்கை மடிப்பு முழுக்க ஊசிக் குத்து. ஆஸ்பத்திரி வாசல்ல ரத்தம் விக்க நிக்கானுவள்லா, அவனுவ கை மாதிரியே கெடக்கு. அவன் வேலை பாத்த பட்டறைய இழுத்து மூடின பொறவு கூலிக்குப் போறான்னா நெனைச்சிட்டு இருக்கே? ரத்தத்த வித்துல்லா ஒம் பிள்ளையளுக்குச் சோறு போடுதான்!”

சொர்ணம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“அழாத. எனக்குத் தெரியும்னு அவங்கிட்ட மூச்சு விட்ராத, கூசிப் போவான். சாதி வெறி புடிச்ச கெழவின்னே நெனைச்சிட்டுப் போட்டும். அவன் உசுரோட இருந்தாப் போதும்.”