வந்த வழி

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் தெருவில் நின்ற வள்ளியம்மைக்குத் தெளிவாகக் கேட்டது.

கொடி கட்டிய ஜீப் ஒன்று 'உழுகிறவனுக்கே நிலம்' என்று மைக்கில் கத்திக்கொண்டு போனது. அதைத் துரத்திக்கொண்டு வீட்டு நாய் டைகர் வெளியே பாய, சங்கிலியைப் பிடித்து இழுத்துவர அவளும் பின்னாலேயே ஓடினாள். அதற்குள் இரண்டு வயது மகள் கதவைச் சாத்தி, கீழ்த் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டாள்.

அந்தத் தாழ்ப்பாளே புதுசு. அறுவடைக் கூலித் தகராறு ஆரம்பித்ததும் அவள் கணவர் பஞ்சநதம் ஆசாரியைக் கூப்பிட்டு வாசல் கதவில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று அடிக்கச் சொன்னார். பின்கட்டுக் கதவுக்கு உள்பக்கம் பூட்டே போட்டாயிற்று. எல்லாம் கூலியாட்கள் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக. இப்போது வீட்டுக்காரி வெளியே நிற்கிறாள்.

தள்ளத் தெரிந்த குழந்தைக்கு இழுக்கத் தெரியவில்லை. உள்ளே வீறிட்டு அழுதது.

அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. தரையோடு போட்ட விறகடுப்பு. குழந்தை கை வைக்கிற உயரம்.

மிராசுதார்கள் கூட்டமென்று தெருவின் ஆண்கள் எல்லோரும் குடவாசலுக்குப் போயிருந்தார்கள்.

நாயை இழுத்துக்கொண்டு சந்து வழியாகக் கொல்லைக்கு ஓடினாள். மாட்டுக் கொட்டகையில் அம்சம் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். நாயைக் கண்டதும் கூடையை முன்னால் பிடித்தபடி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கூலி கேட்டு நின்றவர்கள் மேல் பஞ்சநதம் களத்தில் ஏவிவிட்ட நாய் அது. கடிபட்ட அவள் புருஷன் மருதையன் இன்னும் நொண்டிக்கொண்டுதான் நடக்கிறான்.

"பாப்பா உள்ள மாட்டிக்கிச்சு அம்சம், அடுப்பு வேற எரியுது. கூரையில ஏறி முத்தத்துல எறங்கி வாசக் கதவத் தொறந்து வுடு."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அம்சம் இந்த வீட்டு மாட்டைப் பார்த்துக்கொள்கிறாள். கொட்டகையைத் தாண்டி ஓரடி வைத்ததில்லை. வைக்கச் சொன்னவர்களும் இல்லை.

"யாராச்சும் கேட்டா நீங்க சொல்லித்தான் ஏறுனேன்னு சொல்லணும்மா."

"சத்தியமா சொல்றேன். ஏறு."

அம்சம் சேலையை வரிந்து செருகிக்கொண்டு கொட்டகை மேல் ஏறி, அங்கிருந்து ஓட்டுக்குத் தாவினாள். முற்றத்துக்குக் கம்பி அடிக்க ஆசாரி அடுத்த வாரம்தான் வருவதாக இருந்தது. கம்பி இருந்திருந்தால் உள்ளே இறங்க வழியே இருந்திருக்காது.

அவள் வாசலுக்கு ஓடிவந்தபோது உள்ளே அழுகை நின்றிருந்தது. ஆனால் கதவு திறக்கவில்லை.

முற்றத்திலிருந்து வாசலுக்கு வர இவ்வளவு நேரமா? உள்ளே எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்? அப்படி ஒரு எண்ணம் வந்தது, வந்துதான் தொலைத்தது.

கதவு திறந்தது. குழந்தை அம்சத்தின் இடுப்பில் இருந்தது. அம்சத்தின் கைகள் சாணியில்லாமல் ஈரமாக இருந்தன. வள்ளியம்மை பிடுங்காத குறையாகக் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். டைகர் சங்கிலியை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. அதற்கு வழி கேட்க வேண்டியதில்லை.

அம்சம் நடையின் இருட்டிலேயே நின்றாள்.

"எந்த வழியாம்மா போகட்டும்?"

வாசல் திறந்துதான் கிடந்தது. எதிர்வீட்டு மங்களாம்பிகை வெளியே வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மருதையன் பெண்டாட்டி பஞ்சநதம் வீட்டு வாசலில் இறங்கிப் போனாள் என்ற சேதி, அவர் வீடு திரும்புவதற்குள் தெருக்கோடி வரை போய்விடும்.

வள்ளியம்மை கதவைச் சாத்தினாள்.

"வந்த வழியாவே போயிடேன்."

சொல்லும்போதே கூசியது. ஆனாலும் சொன்னாள்.

அம்சம் முற்றத்துத் தூணைக் கட்டிப் பிடித்து ஏறினாள். டைகர் குரைத்துக்கொண்டு எம்பியது. வள்ளியம்மை சங்கிலியைக் கையில் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்தாள். மேலே ஓர் ஓடு உடைந்தது. பிறகு கொல்லைப் பக்கம் தொப்பென்று சத்தம்.

நாயைத் தூணில் கட்டிவிட்டுக் குழந்தையோடு அடுப்படியைக் கடந்து பின்கட்டுக்கு ஓடினாள். பூட்டிய கதவைத் தட்டி, "அம்சம்! அம்சம்!" என்று கத்தினாள்.

கதவில் காதை ஒட்டி வைத்தாள்.

"ஒன்னுமில்லம்மா." குரல் தரையோடு இருந்து வந்தது. "பாப்பாவ அடுப்புகிட்ட வுடாதீங்க."

அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்திருந்தது. பால் பாத்திரம் இறக்கி, மூடி வைத்திருந்தது.

அடுப்புக்கு நேர் மேலே ஆணியில் பின்கட்டுச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

எப்போதும் அங்கேதான் தொங்கும். வள்ளியம்மை அதை மறந்துவிடவில்லை. கொல்லையில் நின்று வாசல் கதவைத் திறக்கச் சொன்னபோதும் நினைவில் இருந்தது. சாவியைச் சொன்னால் அம்சம் அடுப்படிக்குள் வர வேண்டும், சாமி மாடத்தைத் தாண்ட வேண்டும். பெற்ற பிள்ளை உள்ளே கதறியபோதும் அந்தப் புத்தி மட்டும் பிசகாமல் வேலை செய்திருக்கிறது.

அம்சம் இந்தச் சாவியைப் பார்த்துவிட்டுத்தான் எந்த வழி என்று கேட்டிருக்கிறாள்.

வள்ளியம்மை சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து பார்த்தாள். கொல்லையில் யாரும் இல்லை. கூடை மட்டும் கிடந்தது.

சாயங்காலம் பஞ்சநதம் வந்தார். முற்றத்தில் கால் கழுவியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஓடு ஒடஞ்சிருக்கே, யாரு ஏறுனது?"

யாராவது கேட்டால் சொல்வதாகச் சத்தியம் செய்திருந்தாள். இதோ, கேட்டாகிவிட்டது.

"கொரங்கு" என்றாள்.

"அட, நாய அவுத்து வுட வேண்டியதுதானே?" என்றார் அவர்.