விருப்பப்பட்டுத் தங்கியவள்

படகைப் பார்த்ததும் எமிலி கையிலிருந்த தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு ஓடினாள்.

பள்ளிக்கூடத்தின் மேல்படி வரைக்கும் தண்ணீர் நின்றது. அதற்கு அப்பால் வயலும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. சில கூரைகள், சில மின்கம்பங்கள், செத்துப்போன ஒரு மாடு.

படகில் டாக்டர் இல்லை. ஞானதுரை இல்லை. சர்ச் வாலிபர் சங்கத்திலிருந்து ஒருவர்கூட இல்லை.

படகோட்டி நிமாய் மட்டும் கழியை ஊன்றி வந்துகொண்டிருந்தான். அவன் காலடியில் எமிலியின் பை இருந்தது.

முகாமில் விட்டுவந்த பை. அது எதற்கு இங்கே வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷத்து வெள்ளம் அது. தாமோதர் கரையை உடைத்துக்கொண்டு ஹவுரா மாவட்டத்தின் கிராமங்களுக்குள் புகுந்திருந்தது. கல்கத்தாத் தமிழ்ச் சபையில் அவலும் வெல்லமும் பழைய துணிகளும் சேர்த்து, ஒரு லாரியில் ஏறிப் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார்கள். பாக்னான் ஸ்டேஷன் பக்கத்து முகாமில் தங்கி, தினமும் படகில் போய்க் கொடுத்துவிட்டு வருவார்கள்.

வெள்ளத்துக்குத் தப்பி ஜனங்கள் ஒதுங்கியிருந்த இந்தப் பள்ளிக்கூடத்தில் வாந்தி பேதி தொடங்கியதும் பாட்டு நின்றுவிட்டது.

நேற்றுக் காலை ஒரு கிழவர் இறந்துபோனார். அதைக் கேட்டதும் கூட வந்த சுலோசனா படகை விட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். மற்றவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு படியிலேயே நின்றார்கள். எல்லாரும் தங்கள் தலைவன் ஞானதுரையின் முகத்தையே பார்த்தார்கள்.

"எமிலி, ஒனக்குத்தான் பெங்காலி நல்லா வரும். நீ இங்க இருந்து இவங்களுக்குத் தண்ணி குடு. சாயந்திரத்துக்குள்ள டாக்டரைக் கூட்டிட்டு வந்திருதேன்," என்றான் ஞானதுரை.

அவள் சரி என்று தலையாட்டினாள். சந்தேகப்பட என்ன இருந்தது?

உடைந்த பெஞ்சை எரித்துத் தண்ணீர் காய்ச்சினாள். உப்பும் சர்க்கரையும் போட்டு, ஆறவைத்து, ஒவ்வொரு வாயாகப் புகட்டினாள். டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டவர்களிடமெல்லாம் இதோ வந்துகொண்டே இருக்கிறார் என்றாள். இருட்டிய பிறகும் அப்படித்தான் சொன்னாள். டாக்டர் கிடைத்திருக்க மாட்டார், நீரோட்டம் அதிகமாக இருக்கும் என்று ஞானதுரைக்காகத் தானே காரணங்களும் கண்டுபிடித்தாள்.

நிமாய் பையைப் படியில் வைத்தான். எமிலியை அவன் திதி, அக்கா, என்றுதான் கூப்பிடுவான்.

"மத்தவங்க எங்கே?"

"காலையிலேயே லாரி கல்கத்தாவுக்குப் போயிடுச்சே திதி. பையை உங்ககிட்ட சேர்க்கச் சொன்னாங்க."

"டாக்டர்?"

"டாக்டர் முகாம்லதான் உட்கார்ந்திருக்கார். அவரை யாரும் கூப்பிடலையே."

நிமாய் கழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளைப் பார்த்துக் கைகூப்பினான்.

"நீங்களே பிடிவாதமா இங்க தங்கறேன்னு சொன்னீங்களாமே. ஞானதுரை தாதா அதைச் சொல்லும்போது அழுதுட்டார் திதி. எல்லாரும் எழுந்து நின்னு உங்களுக்காகப் பிரார்த்தனை பண்ணாங்க."

ஞாயிற்றுக்கிழமை சபையிலும் சொல்வான். அங்கேயும் அழுவான்.

அவள் பையை எடுத்துப் படகில் வீசினாள். பின்னாலேயே ஒரு காலைப் படகுக்குள் வைத்தாள்.

"போகலாம்."

அப்போது பின்னால் சத்தம் கேட்டது. இரவெல்லாம் எமிலி தண்ணீர் புகட்டியவர்களில் ஒருத்தியான மாலதி படகைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். தோளில் துவண்டு கிடந்த மகளோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து. அவளுக்குப் பின்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தார்.

நேற்று எல்லாரும் வந்த பெரிய படகு இல்லை அது, சின்னப் படகு. படகோட்டி போக மூன்று பேருக்கு மேல் ஏறினால் கவிழ்ந்துவிடும்.

எமிலி காலை எடுத்துவிட்டாள்.

எடுத்த பிறகுதான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவள் இறங்கிவிடுவாள் என்று ஞானதுரைக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவன் சொன்ன பொய் இதோ அவள் கையாலேயே உண்மையாகிக்கொண்டிருக்கிறது.

குழந்தையை வாங்கிப் படகில் படுக்கவைத்தாள். மாலதியை ஏற்றினாள். பெரியவரை நிமாயும் அவளுமாகத் தூக்கி உட்காரவைத்தார்கள்.

"டாக்டர்கிட்ட இவங்களைக் காட்டு. இன்னும் நிறையப் பேர் கிடக்காங்கன்னு சொல்லு. இதே படகுல கையோட கூட்டிட்டு வா."

"காலைப் பிடிச்சாவது கூட்டிட்டு வர்றேன் திதி."

நிமாய் படகில் ஏறினான். இவ்வளவு பெரிய மனசுக்காரியிடம் இன்னும் ஏதாவது பேச வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"தாதாவுக்கு ஏதாவது சொல்லணுமா? கல்கத்தா போற ஆள் யார்கிட்டயாவது சொல்லி அனுப்பறேன்."

வங்காளத்தில் எந்த ஆணும் தாதாதான், அண்ணன்தான். டிராம் கண்டக்டர் தாதா, மீன் விற்பவர் தாதா. கூட வந்த எல்லாரையுமே நிமாய் அப்படித்தான் அழைத்துக்கொண்டிருந்தான்.

"ஞானதுரை எனக்கு நெஜமாவே தாதா, நிமாய்," என்றாள் எமிலி. "என் கூடப் பிறந்தவன்."

நிமாய் கழியை ஊன்ற மறந்து நின்றான். படகு தானாகவே படியை விட்டு நகரத் தொடங்கியது.