கம்பி வேலிக்கு இந்தப் பக்கம்

நியூசிலாந்துக்காரன் ரக்பி பந்தை நெஞ்சோடு அணைத்தபடி எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்ததும் எங்கள் மூலையே எழுந்து ஆடியது.

சொந்த நாட்டு அணி தோற்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். அது வெள்ளையர் அணி. எங்களில் ஒருவனைக்கூடச் சேர்க்க மாட்டார்கள். கேப் டவுன் மைதானத்தில் 'கலப்பினத்தார்' என்று முத்திரை குத்தி, கோல் கம்பத்துக்குப் பின்னால் கம்பி வேலிக்குள் எங்களை அடைத்திருந்தார்கள்.

இந்த அணியோடு யாரும் விளையாடக் கூடாது என்று வெளிநாடுகளில் ஊர்வலம், மறியல். நியூசிலாந்துக்காரர்களும் வராமலே இருந்திருக்கலாம். வந்துவிட்டார்கள், ஜெயித்தாவது தொலையட்டும்!

பந்தோடு விழுந்தவன் மாவோரி, நியூசிலாந்தின் பூர்வகுடி. அசல் என் நிறம். அவனுக்கு மட்டும் நம் சர்க்கார் 'கௌரவ வெள்ளையர்' என்று பட்டம் கொடுத்திருந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"கத்துடா டெரிக், அவனுங்க காது கிழியட்டும்!" என்றான் பக்கத்திலிருந்த எப்ராஹிம்.

கத்தினேன். வெள்ளையர் வரிசையிலிருந்து ஓர் ஆரஞ்சு பறந்து வந்து என் நெற்றியில் பட்டது. அடுத்தடுத்து இன்னும் வந்து விழுந்தன.

அந்த வரிசையில்தான் என் அண்ணன் லெஸ்லி உட்கார்ந்திருந்தான்.

வெளுத்த தோலோடு பிறந்தவன். நான்கு வருஷத்துக்கு முன் சர்க்காரிடம் வெள்ளைக்காரன் என்று சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போனான். தெருவில் எதிர்ப்பட்டாலும் பேசக் கூடாது. என் அண்ணன் என்று தெரிந்தால் ரயில்வே வேலை போகும். வெள்ளைக்கார மனைவியோடு வாழ்வதே குற்றமாகிவிடும்.

பக்கத்து இருக்கைக்காரன் அவன் கையில் ஓர் ஆரஞ்சைத் திணித்து எங்களைக் காட்டினான்.

எறிந்து தொலை, அண்ணா. எறியாவிட்டால் சந்தேகப்படுவார்கள். உள்ளுக்குள் அதைத்தான் கெஞ்சினேன்.

லெஸ்லி எழுந்தான். படியிறங்கி வேலியை நோக்கி வந்தான். கிட்டே போய் எறியப் போகிறான் என்று அவன் ஆட்கள் விசிலடித்தார்கள். போலீஸ்காரன்கூடச் சிரித்துக்கொண்டே வழிவிட்டான்.

லெஸ்லி கையிலிருந்த ஆரஞ்சைக் கீழே போட்டான். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறி, எங்கள் பக்கம் குதித்தான். கோட்டு கிழிந்தது. விசில் நின்றுவிட்டது.

போலீஸ்காரன் காதிலும் விழும்படி சத்தமாகச் சொன்னான்:

"டேய் தம்பி, தள்ளிக்கோ. நானும் கத்தணும்."