கிழக்குப் பக்கம்

சுவிஸின் லுசேர்ண் நகரில் கட்டடக் கலைஞராக இருக்கும் வேணுகா வரைந்த முதல் வீடு, அயர்லாந்தின் மேற்குக் கரையில், ஒரு மரம்கூட நிற்காத பாறை விளிம்பில் எழுந்தது. முதல் புயலே அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அலுவலகத்தில் மூத்தவர்கள் சொன்னார்கள். அவள் கூரையைத் தாழ்த்தினாள். கடல் பக்கச் சுவரை ஒரு மீற்றர் தடிப்பாக்கினாள்.

வீட்டுக்காரி ஓர்லா குடிபுகுந்த மூன்றாம் நாளே புயல் அடித்தது. அவளுடனான தொலைபேசித் தொடர்பு அறுந்தது. மறுநாள் காலை வேணுகாவின் அம்மா ஜெயமலர் பானையோடும் பாலோடும் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

“அந்த வீட்டுக்குப் பால் காய்ச்சினவையோ?”

“அவை ஐரிஷ்காரர், அம்மா.”

“வீடெண்டால் வீடுதானே, பிள்ளை.”

அலுவலகச் சமையலறையில், அந்த வீட்டின் அட்டை மாதிரியைக் கொண்டுவந்து வைத்து, அதன் முன்னால் காய்ச்சினார். பால் நுரைத்து விளிம்புக்கு வந்தது. ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை. அடுப்பை அணைத்தபோது பானையில் பாதிப் பால்தான் இருந்தது.

பத்தரைக்கு ஓர்லா அழைத்தாள். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை என்று கத்தினாள். வேணுகா மேசையில் அடித்துச் சிரித்தாள். மூத்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள்.

ஒன்றுதான் விளங்கவில்லை என்றாள் ஓர்லா. நேற்றிலிருந்து மின்சாரம் இல்லை. அவள் பால் வாங்குவதே இல்லை. ஆனால் அடுப்பின் மேல் பால் பொங்கி வழிந்திருக்கிறது. இன்னும் சுடுகிறது.

வேணுகா அம்மாவிடம் சொன்னாள். ஜெயமலர் பானை கழுவுவதை நிறுத்தவில்லை.

“எந்தப் பக்கம் வழிஞ்சதாம், கேள்.”

கேட்டாள்.

“கிழக்காம்.”

“பிறகென்ன? இனி எந்தக் காத்தும் வரட்டும்.”