அக்காவின் கடைசி மனு

தப்பாகச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்று சின்னவளுக்கு ஒரே பயம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். கோர்ட்டு நியமித்த அதிகாரி முன்னால் உட்கார்ந்து வாக்குமூலம் கொடு என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளாதா?

ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். அதுவும் கூடப் பிறந்த அக்கா மேல்.

அக்காவுக்குத் தெருவில் 'மனு அக்கா' என்றே பெயர். தெருவிளக்குக்கு மனு, பஸ் நிறுத்தத்துக்குக் கூரை கேட்டு மனு, ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கேட்டு மனு. தசை தசையாகச் செயலிழக்கும் நோய் வந்து படுக்கையில் விழுந்த பிறகும் அவள் அடங்கவில்லை. போன வருஷம் இன்னொரு மனு போட்டாள். தாங்க முடியாத நிலை வந்தால், தான் போய்ச் சேர ஒருவர் உதவ அனுமதி வேண்டும். உதவியவரை ஜெயிலில் போடக் கூடாது.

ஊர் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த் தங்கைக்காரிதான் தூண்டிவிட்டாள் என்று கூடப் பேசினார்கள்.

அண்ணன் டி.வி.யில் உட்கார்ந்து உயிரின் மகிமையைப் பற்றித் தொண்டை அடைக்கப் பேசினார். மூன்று வருஷத்தில் அவர் அக்காவை ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்ததில்லை. வந்தால் நிலைப்படியில் நின்றபடி மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, "நல்லா இருக்கியாம்மா?" என்பார். அதோடு சரி.

இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டுவது, சளி உறிஞ்சும் மெஷினைப் பிடிப்பது, சாப்பாட்டைக் கூழாக அரைத்துக் குழாயில் விடுவது எல்லாம் சின்னவள். குழறிப் போன அக்காவின் பேச்சு அவள் ஒருத்திக்குத்தான் புரியும். டாக்டருக்கே அவள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இத்தனையும் பார்க்கிறவளை விட்டுவிட்டுப் போகிறேன் என்று கோர்ட்டில் போய் நிற்பாளா ஒருத்தி? அந்த நெருப்புதான் ஒரு வருஷமாக உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

அதில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி காலையில் அண்ணன் போன் செய்தார்.

"யோசிச்சுப் பேசு. நீ சரின்னு தலையாட்டி, நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா போலீஸ் முதல்ல உன்னைத்தான் பிடிக்கும். அப்போ அண்ணான்னு என்கிட்ட வந்து நிக்காதே."

சின்ன அறை. மேஜைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் டைப் அடிக்கிறவர், இந்தப் பக்கம் அரசு வக்கீல், அந்தப் பக்கம் அக்காவின் வக்கீலம்மா. அக்காவின் கோரிக்கையில் உங்களுக்குச் சம்மதமா என்று அரசு வக்கீல் இதமாகத்தான் கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

"சம்மதமா? எனக்கா? நான் பார்த்துக்கறதுல என்ன குறைன்னு அவளையே கேளுங்க சார். மூணு வருஷமா படுத்த படுக்கை. முதுகுல ஒரு புண்ணு இருக்கா பாருங்க. என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உயிரோட இருக்க அவளுக்குப் பிடிக்கலை. விட்டுட்டு ஓடணும், அதுக்குத்தான் இந்த மனு."

அரசு வக்கீல் முகத்தில் பல்ப் எரிந்தது. டைப் அடிக்கிறவர் ஒரு சொல் விடவில்லை.

வக்கீலம்மா பொறுமையாக, அந்த மனுவைப் படித்தீர்களா என்று கேட்டாள். சின்னவள் இல்லை என்றாள். எப்போதும் அக்கா குழறிக் குழறிச் சொல்ல, இவள்தான் அதை வக்கீலம்மாவிடம் சொல்லி எழுதவைப்பாள். இந்த ஒன்றை மட்டும் அக்கா தானே கம்ப்யூட்டரில் நாலு மாதம் தட்டினாள். பக்கத்தில் போனால் போதும், திரையை அணைத்துவிடுவாள்.

வக்கீலம்மா காகிதக் கட்டைப் பிரித்து, மனுவிலிருந்து ஒரு பக்கத்தைப் படித்தாள்.

"என் வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் அசைகின்றன. யாரும் உதவக் கூடாது என்பதுதான் சட்டம் என்றால், அவை ஓய்வதற்கு முன்பே, தங்கை வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, நான் தனியாக, அந்த விரல்களாலேயே, போய்ச் சேர வேண்டியிருக்கும். உதவியவர் ஜெயிலுக்குப் போகமாட்டார் என்று தெரிந்தால் எனக்கு அவசரமே இல்லை. என் தங்கை பார்த்துக்கொள்ளும் அருமைக்கு இன்னும் இரண்டு வருஷமாவது அவளோடு இருப்பேன். அந்த இரண்டு வருஷத்தைத்தான் கேட்கிறேன்."

படித்து முடித்து, அந்தத் தாளைச் சின்னவள் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஏதாவது மாத்திச் சொல்லணுமாம்மா? இன்னும் நீங்க கையெழுத்துப் போடலை."

வக்கீலம்மா அவளையே பார்த்தாள். சின்னவள் வாயைத் திறந்தாள். போலீஸ் முதலில் உன்னைத்தான் பிடிக்கும் என்ற அண்ணன் குரல் காதுக்குள் இரைந்தது.

"சொன்னது சொன்னதுதான்" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டாள். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

வீட்டுக்கு வந்து, அதுவரை துணைக்கு இருந்த எதிர்வீட்டுப் பெண்ணை அனுப்பிவைத்தாள். என்ன சொன்னே என்று அக்கா குழறினாள்.

"நல்லாத்தான் சொன்னேன்."

அக்காவின் கண் சிரித்தது. "அப்போ ஜெயிச்சுடுவோம்டி."

சின்னவள் அலமாரியிலிருந்து நைந்து மெத்தென்றிருந்த பருத்தித் துணி ஒன்றை எடுத்தாள். வலிக்காமல், தோல் சிவக்காமல், அக்காவின் அந்த இரண்டு விரல்களையும் சேர்த்துக் கட்டில் சட்டத்தோடு கட்டிவிட்டு, முடிச்சை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.