கயிற்று நெருப்பு

ஜங்லிகாட்டில் ராஜமாணிக்கத்தின் டீக்கடைக்குள் காலை வெயில் பெஞ்சு வரைக்கும் வந்திருக்கிறது. அந்தப் பெஞ்சில் வழக்கமான ஆட்களுக்கு நடுவே முன்பின் பார்த்திராத ஒருவன் இரண்டாவது டீயை ஊதி ஊதிக் குடிக்கிறான். இன் பண்ணின சட்டை, பையில் பேனா. கடைக்குள் யாரும் புகைக்கக் கூடாது, நெருப்புக் கொடுத்தால் கடைக்காரருக்கும் அபராதச் சலான் என்று சட்டம் வந்த பிறகு, பீடி பற்றவைக்கும் கயிற்றை ராஜமாணிக்கம் தகரத் தட்டிக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறார். அதன் புகை தட்டிக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. வந்தவனின் கண்ணும் அங்கேயே போய்ப் போய் வருகிறது. சலான் போட வந்தவனோ என்று ஆட்டோக்கார அழகர்சாமி பற்றவைக்காத பீடியை உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிறார். ராஜமாணிக்கத்தின் மனைவி ருக்கு டம்ளர் கழுவுகிற சாக்கில் கயிற்று நுனியை வாளித் தண்ணீரில் முக்குகிறாள். சுர்ரென்ற சத்தம் கடை முழுக்கக் கேட்கிறது. அவன் திரும்பாமலே ஒரு சிகரெட்டை எடுத்து உதட்டில் வைக்கிறான். "அண்ணா, மாச்சிஸ் இருக்கா?" அந்த விரல்களில் புகைக்கிறவனின் மஞ்சள் கறையே இல்லை. "தீப்பெட்டியெல்லாம் இல்ல சார். இங்க யாரும் பிடிக்கிறதில்ல" என்கிறார் ராஜமாணிக்கம். அவன் சிரிக்கிறான். எழுந்து போகிற போக்கில் ராஜமாணிக்கத்தின் தோளைத் தட்டி, "நாளைக்குப் பாக்கலாம்ணா" என்கிறான், ரொம்ப நாள் பழகியவன் போல. எல்லோரும் அந்தத் தோளையே பார்க்கிறார்கள். "யாருண்ணே அது?" என்கிறார் அழகர்சாமி. "சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா." "தெரியாதவனா தோளத் தட்டிட்டுப் போவான்?" பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு அழகர்சாமி எதிர்க்கடைக்கு நடக்கிறார். அவர் பின்னாலேயே பெஞ்சு காலியாகிறது. ஈரக் கயிறு கையில் சொட்டச் சொட்ட நிற்கிற ருக்கு, புருஷன் முகத்தையே பார்க்கிறாள். "நெசமாவே தெரியாதா?"